பழைய பேருந்து நிலைய மனை: சந்தை, நூலகம், மண்டபம், பார்க்கிங் எல்லாம் ஒரே இடத்தில் வைப்பது எப்படி?

காவிரிக்கரை:

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு நகராட்சி. பேருந்து நிலையம் புறவழிச்சாலைக்குப் போகிறது. கடைவீதி நடுவே பழைய நிலையத்தின் 1.6 ஏக்கர், அதாவது சுமார் 6,475 ச.மீ. காலியாகும். முன்பக்கம் கடைவீதி, 58 மீட்டர் முகப்பு. பின்னால் 9 மீட்டர் அகலச் சந்து. மனைக்குள் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் மூன்று இருக்கின்றன. மழைக்காலத்தில் ஒரு மீட்டர் தோண்டினாலே தண்ணீர் ஊறும்.

இப்போதைக்குக் கேட்கப்படுபவை: காய்கறிச் சந்தை (நிரந்தரக் கடை 40, தரைக்கடை 80 அளவுக்கு), கிளை நூலகம், இ-சேவை மையம், பொதுக் கழிப்பறை, 500 பேர் உட்காரும் மண்டபம், வாடகைக் கடைகள். இவற்றோடு நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ட்டில் 120 கார் நிறுத்தம். டிபிஆருக்கு (விரிவான திட்ட அறிக்கை) முதல் வரைவு தயாரிக்க வேண்டும்.

என் கேள்விகள். பார்க்கிங் எவ்வளவு வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்வது? இந்த மண்ணில் பேஸ்மென்ட் சரிவருமா? எந்தப் பயன்பாட்டை எங்கே வைக்க வேண்டும்? இப்படிப்பட்ட திட்டங்கள் வழக்கமாக எங்கே கெடுகின்றன?

---

பச்சை_சிக்னல்:

120 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மனையின் பரப்பை ஒரு காருக்கான பரப்பால் வகுத்து வந்த எண்ணாக இருக்கும். அது இடத்தின் கொள்ளளவுதானே தவிர, தேவை இல்லை.

தேவையை அறிய ஒரே வழி நடந்து எண்ணுவதுதான். மனையைச் சுற்றி 300 மீட்டருக்குள் உள்ள தெருக்களைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒரு துண்டுக்கு இரண்டு பேர். காலை 6 முதல் இரவு 10 வரை அரை மணிக்கு ஒரு நடை. நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவெண்ணின் கடைசி நாலு இலக்கத்தைக் குறியுங்கள்; கார், டூவீலர், சரக்கு வண்டி, ஆட்டோ தனித்தனியாக. அதே எண் நாலு நடையில் வந்தால் அந்த வண்டி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. இந்த நாலு இலக்கம் இல்லாமல் வெறும் தலை எண்ணிக்கை எடுத்தால் பாதி விஷயம் கைநழுவிவிடும். கடைவீதி முகப்பை அடைத்து நிற்பவை வாங்க வருகிறவர்களின் வண்டிகளா, கடைக்காரர்களும் ஊழியர்களும் காலையில் விட்டு இரவில் எடுப்பவையா என்பது அதில்தான் தெரியும். காலை முதல் இரவு வரை அசையாத வண்டிக்குப் பின் சந்துப் பக்கம் மாதக் கட்டணத்தில் இடம் கொடுத்தால் போதும். முகப்பு தானாகவே திறக்கும்.

நாலு நாள் எடுங்கள்: ஒரு சாதாரண வேலைநாள், ஒரு ஞாயிறு, வாரச்சந்தை நாள், ஒரு முகூர்த்த நாள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தையும் எண்ணி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்காகக் கட்டக் கூடாது. வருடத்தில் பத்து நாள் நிரம்பும் இடத்தை மீதி நாளெல்லாம் நகராட்சி வெளிச்சம் போட்டுப் பெருக்கிக் காக்க வேண்டியிருக்கும். அந்தப் பத்து நாளுக்குப் பள்ளி மைதானம் போன்ற தற்காலிக இடம் போதும்.

அடுத்தது மணிக்கணக்கு. ஒவ்வொரு பயன்பாட்டின் உச்சத்தையும் கூட்டுவது தவறு. ஒரே மணி நேரத்தில் எத்தனை சேர்கிறது என்று பார்க்க வேண்டும். முறை புரிவதற்காக எண்களை வைத்துக் காட்டுகிறேன், உங்கள் கணக்கெடுப்பு வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாமே கார் இட அளவில்:

காலை 7 மணி: சந்தை 40, அலுவலகமும் நூலகமும் 0, கடைவீதி 5, மண்டபம் 45. மொத்தம் 90.
பகல் 11 மணி: சந்தை 10, அலுவலகமும் நூலகமும் 35, கடைவீதி 40, மண்டபம் 20. மொத்தம் 105.
இரவு 7 மணி: சந்தை 10, அலுவலகமும் நூலகமும் 5, கடைவீதி 70, மண்டபம் 60. மொத்தம் 145.

தனித்தனி உச்சங்களைக் கூட்டினால் 40+35+70+60 = 205. உண்மையான உச்சம் 145. இப்போது மண்டபத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்: 45, 85, 85. பகலும் இரவும் சமமாகி, ஒரே இடத்தை நாள் முழுக்க மாறி மாறிப் பயன்படுத்த முடிகிறது. உங்கள் பேஸ்மென்ட்டைக் கேட்பது சந்தையோ நூலகமோ அல்ல, முகூர்த்த நாளில் மட்டும் நிரம்பும் அந்த மண்டபம்தான் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று. 85 கார் இடம் என்றால் 85 கார் என்று அர்த்தமில்லை. நம் ஊர்க் கடைவீதிக்கு வருவது பெரும்பாலும் டூவீலர். 40 கார் போக மீதி 45 இடத்தை டூவீலராக மாற்றினால், ஒரு கார் இடத்துக்கு ஏழு வண்டி வீதம் 315. திறந்த வெளியில் காருக்கு ஓடுபாதை சேர்த்து 23 ச.மீ., டூவீலருக்கு 3 ச.மீ. ஆக 920 + 945 = 1,865 ச.மீ. தூண்களுக்கு நடுவே நிறுத்தினால் 2,200 வரை போகும். மனையில் மூன்றில் ஒரு பங்குதான். பூமிக்குள் போகத் தேவையே இல்லை.

டூவீலருக்கு 3 ச.மீ. எப்படி என்றால்: இருபுறமும் 2 மீட்டர் ஆழ வரிசை, நடுவே 2 மீட்டர் வழி, மொத்த அகலம் 6. ஒரு வண்டிக்கு ஒரு மீட்டர் அகலம். 6 ச.மீட்டரில் இரண்டு வண்டி.

---

தூண்_விட்டம்:

பேஸ்மென்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு மீட்டரில் தண்ணீர் என்பதை லேசாக எடுக்காதீர்கள். நீங்கள் தண்ணீருக்குள் ஒரு தொட்டியை அமிழ்த்தி வைக்கப் போகிறீர்கள். அது மிதக்கப் பார்க்கும்.

கணக்கு இதுதான். ராஃப்ட்டின் (கட்டடம் முழுவதற்கும் அடியில் போடும் கான்கிரீட் அஸ்திவாரப் பலகை) அடி தரைக்குக் கீழே 4.5 மீட்டர், நிலத்தடி நீர் 1 மீட்டரில் என்று வைத்தால், 3.5 மீட்டர் நீர் உயரம். கீழிருந்து மேலே தள்ளும் அழுத்தம் ச.மீட்டருக்கு 3.5 டன். பாதுகாப்புக் காரணி 1.2 வைத்தால் 4.2 டன் எடை வேண்டும். கட்டடத்தின் சொந்த எடையைப் பாருங்கள்: 600 மி.மீ. ராஃப்ட் 1.5 டன், மேல் ஸ்லாபும் பீமும் சராசரி 300 மி.மீ. என்று எடுத்தால் 0.75, தூண், சுவர், தரைப்பூச்சு எல்லாம் சேர்த்து 0.35. மொத்தம் 2.6 டன். 1.6 டன் குறைகிறது.

மேலே இரண்டு மாடி வந்தால் அந்த எடை ஈடுகட்டும். ஆனால் கட்டடம் இல்லாத பகுதியில், அதாவது மேலே வெறும் திறந்தவெளி உள்ள இடத்தில், அது என்றைக்கும் குறைவாகவே இருக்கும். அங்கே 90 செ.மீ. மண் நிரப்பினால் 1.6 டன் கிடைக்கும். அல்லது ராஃப்ட்டைத் தடிமனாக்க வேண்டும், வெளியே நீட்ட வேண்டும், மேலே தூக்கும் விசையைத் தாங்கும் பைல் (ஆழமாக மண்ணில் இறக்கும் கான்கிரீட் தூண்) போட வேண்டும். எதுவானாலும் பணம்.

தவறு நடப்பது பெரும்பாலும் கட்டும்போதுதான். ராஃப்ட் போட்டாயிற்று, ஸ்லாப் போட்டாயிற்று, பம்ப்புக்கு டீசல் செலவு ஆகிறது என்று ஒப்பந்ததாரர் நீரிறைப்பை நிறுத்துவார். ஐப்பசி மழை வரும். ராஃப்ட்டின் நடுப்பகுதி மேலே வளைந்து விரியும். அந்த விரிசலை அப்புறம் எத்தனை ரசாயனம் ஏற்றி அடைத்தாலும் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் கசியும். ஆகவே டெண்டரிலேயே எழுதுங்கள்: மேல்தளத்தில் எந்த மாடி வரை முடிந்த பிறகு நீரிறைப்பை நிறுத்தலாம், அதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்து அனுமதி வேண்டும், அதுவரை மாற்று மின்சாரத்தோடு பம்ப் ஓட வேண்டும் என்று.

சுற்றியுள்ள பழைய கடைகளும் உண்டு. கடைவீதியில் சுண்ணாம்புக் காரையில் நிற்கும் ஓட்டுக் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் ஆழமில்லை. நீங்கள் தண்ணீரை இறைத்தால் அவற்றின் கீழ் மண் இறங்கும். தோண்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்துக் கட்டடத்தின் விரிசல்களையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

என் கருத்து தெளிவானது: இந்த மனையில் பேஸ்மென்ட் வேண்டாம்.

---

வரைபடம்:

மாற்றுக் கருத்து ஒன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் போஸ்ட் ஆபீஸ் ஸ்கொயரைப் பாருங்கள். அங்கே நகர நடுவில் 1954இல் கட்டிய, சுமார் 950 கார் நிற்கும் கான்கிரீட் பார்க்கிங் கட்டடம் இருந்தது. 1988இல் அதை இடித்து, அதே 1.7 ஏக்கரில் ஏழு நிலை ஆழத்துக்கு 1,400 கார் நிறுத்தம் கட்டி, மேலே பூங்கா வைத்தார்கள். உங்கள் மனையும் அதே அளவுதான். நிலத்துக்கு மேலே ஒரு சதுர அடிகூடக் காருக்குக் கொடுக்காமல் முழுவதையும் மக்களுக்குக் கொடுக்கலாமே?

---

தூண்_விட்டம்:

நல்ல உதாரணம், நானும் மதிக்கிற திட்டம். அது ஏன் நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே நிலத்தடியில் முதலில் ஆழமான டயாஃப்ரம் சுவர் (தோண்டுவதற்கு முன்பே சுற்றிலும் மண்ணுக்குள் போடும் கான்கிரீட் சுவர்) இறக்கி, மேலிருந்து கீழாகக் கட்டிக்கொண்டே போனார்கள். பணம் சுற்றியிருந்த நிறுவனங்களிடமிருந்து வந்தது: 65,000 டாலர் வீதம் 450 பங்குகள், பங்குக்கு மாதாந்திர நிறுத்த உரிமை, மீதிக்கு வங்கிக் கடன். சுற்றிலும் வங்கிகளும் உயர்ந்த அலுவலகங்களும் இருந்ததால் ஆயிரம் கார் நாள் முழுக்க நின்று, அந்தக் கட்டணம் கடனைத் தாங்கியது. நம் கடைவீதியில் டூவீலரில் வந்து இருபது நிமிடத்தில் கத்தரிக்காய் வாங்கிப் போகிறவரின் கட்டணம் டயாஃப்ரம் சுவரைத் தாங்காது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. காற்றுப் போக்கிகளையும் படிக்கட்டுகளையும் பூங்காவின் சிறு மண்டபங்களுக்குள்ளும் செடிகளுக்குள்ளும் மறைத்தார்கள். புகைபோக்கி எங்கே வெளியே வருகிறது என்பதை நம் வரைபடங்களில் கடைசி நாளில்தான் தேடுகிறோம். அது நூலக ஜன்னலுக்குக் கீழே போய் நிற்கிறது.

---

சந்தைமேடு:

சந்தை பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த மனையின் உயிரே அதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

80 தரைக்கடைகளைத் தயவுசெய்து உள்ளே பின்பக்கம் தள்ளாதீர்கள். கீரைக்காரம்மா விற்பது நடந்து போகிறவர் கண்ணில் படுவதால். உள்ளே மேடை கட்டிக் கொடுத்தால் முதல் வாரம் உட்காருவார்கள். ஒருவர் வாசலுக்கு வந்து விற்கத் தொடங்கியதும் பின்னாலேயே எண்பது பேரும் வருவார்கள், வேறு வழியில்லை அவர்களுக்கு. கடைவீதியிலிருந்து பின் சந்து வரை நேராக ஊடுருவிப் போகும் 6 மீட்டர் நடைவழி ஒன்று போடுங்கள். அதன் இருபுறமும் தரைக்கடை. நூலகத்துக்கும் இ-சேவைக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் போகிறவர் எல்லாரும் அந்த வழியாகவே போக வேண்டும்.

ஒரு தரைக்கடைக்கு 1.5 மீட்டர் முகப்பு, 1.2 மீட்டர் ஆழம், தரையிலிருந்து 15 செ.மீ. உயரம் போதும். 45 செ.மீ. மேடை கட்டினால் வயதான பெண்கள் ஏறி இறங்கச் சிரமப்படுவார்கள். வாங்குகிறவர் குனிந்து பொறுக்கவும் முடியாது. பின்னால் இரவில் சாக்கைப் பூட்டி வைக்க 60 செ.மீ. ஆழப் பெட்டி ஒன்று. தரை வழுக்காத கரடு கிரானைட், 80க்கு 1 சரிவு, நடுவே 30 செ.மீ. கால்வாய், கையால் தூக்கக்கூடிய துண்டு துண்டான இரும்புக் கம்பி மூடி. முட்டைக்கோஸ் இலையும் வாழைச் சருகும்தான் கால்வாயை அடைப்பவை. 15 மீட்டருக்கு ஒரு வண்டல் தொட்டி வைத்தால்தான் துப்புரவுப் பணியாளர் கைவிட்டு எடுக்காமல் வாளியோடு தூக்க முடியும். மீன் கடை வேண்டும் என்றால் தனி வடிகால், தனி வாசல், காற்று போகும் திசையில்.

சரக்கு வண்டி விடியற்காலை 2 மணிக்கே வரும். அதற்குப் பின் சந்து சரியான இடம். 3.5 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளத்தில் மூன்று இடம் விடுங்கள். மேலே ஸ்லாப் இருந்தால் அடி உயரம் 4.5 மீட்டர் வேண்டும். மூட்டை குவித்த லாரி 3 மீட்டர் உயரப் பார்க்கிங்குக்குள் நுழையாது, தெருவிலேயே நின்று இறக்கும். பகல் 9 மணிக்கு மேல் அதே இடங்களை ஆட்டோ நிறுத்தமாகவோ மாத டூவீலர் நிறுத்தமாகவோ மாற்றலாம்.

சட்டப் பக்கமும் உண்டு. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். கட்டுமானக் காலத்தில் அவர்கள் எங்கே விற்பார்கள் என்பதை டிபிஆரிலேயே வரைந்து காட்டுங்கள். மனையைப் பாதிப் பாதியாகக் கட்டினால் மறுபாதியிலேயே வைக்கலாம். பேஸ்மென்ட் தோண்டினால் அந்த வழியும் அடைபடும்.

கழிப்பறை கடைசி மூலையில் வேண்டாம். நடைவழியின் நடுவில், வெளிச்சத்தில், வாசல் தெரிகிற மாதிரி. சந்தைப் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணமே கழிப்பறை இருக்கும் இடம்தான்.

---

வரைபடம்:

மண்டபத்தையும் பேஸ்மென்ட்டையும் விட்டால் கட்டடம் எப்படி வரும் என்று யோசித்தேன். தூண் இடைவெளி 8.1 மீட்டர் வையுங்கள். தூண் 60 செ.மீ. போக 7.5 மீட்டர், 2.5 மீட்டர் வீதம் மூன்று கார் சரியாக நிற்கும். 8.1ஐ மூன்றால் வகுத்தால் 2.7 மீட்டர், அது ஒரு கடை முகப்பு. கீழே பார்க்கிங், மேலே அலுவலகம், பக்கத்தில் கடை மூன்றுக்கும் அதே தூண் பொருந்தும். 7 மீட்டர் இடைவெளி வைத்தால் இரண்டரைக் கார், அதாவது இரண்டு கார். இந்த ஒரு எண்ணில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இடம் போய்விடுகிறது.

காருக்கு நேர்க்கோணத்தில் ஓடுபாதை 6 மீட்டர். மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் 3.6 மீட்டர் அகலம், நடைவழிக்குப் பக்கத்தில், படி இல்லாமல். டூவீலர் எல்லாம் தரை மட்டத்தில், வாசலுக்கு அருகில். பையோடு ராம்ப் ஏறி இறங்க யாரும் வரமாட்டார்கள். கார் வேண்டுமானால் முதல் மாடிக்குப் போகட்டும். 3.6 மீட்டர் ஏற 10க்கு 1 சரிவில் 36 மீட்டர் ராம்ப் வேண்டும். மேலும் கீழும் 3 மீட்டருக்குப் பாதிச் சரிவு வைக்காவிட்டால் வண்டியின் அடி உரசும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 இரண்டாம் பகுதிப்படி சிறு கார் நிறுத்தும் தளத்துக்குச் சுமை ச.மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் போதும். கடைத் தளத்துக்கு 4, இருக்கை நிலையாக இல்லாத கூட்ட அரங்குக்கு 5, புத்தக அடுக்கு அறைக்கு 6. பார்க்கிங் தளத்தை இப்போதே 5க்கு வடிவமையுங்கள், தளத்தைச் சரிவில்லாமல் தட்டையாக, 3.6 மீட்டர் உயரத்தில் வையுங்கள், ராம்ப்பைக் கட்டடத்துக்கு வெளியே தனியாக நிறுத்துங்கள். கார் தேவை குறைந்தால் அந்தத் தளம் கடையாகவோ வகுப்பறையாகவோ மாறும். சரிவுத் தளமாகக் கட்டிவிட்டால் அது என்றைக்கும் கார் கொட்டகைதான்.

நூலகம் முதல் மாடியில், தூங்குமூஞ்சி மரங்கள் பக்கம். மரங்களின் கிளை விரிவுக்குள் அஸ்திவாரம் வேண்டாம், கான்கிரீட் தளமும் வேண்டாம். அந்த நிழலே உங்கள் திறந்தவெளி.

---

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பேஸ்மென்ட் வேண்டாம் என்று எழுத இப்போது கணக்கு கையில் இருக்கிறது. இரண்டு சிக்கல் பாக்கி. மண்டபம் வேண்டும் என்பதில் மன்றத்தில் பலர் உறுதியாக இருக்கிறார்கள், வாடகை வருமானம் வரும் என்கிறார்கள். இரண்டாவது, பக்கத்து ஊரில் பலமாடிப் பார்க்கிங் கட்டி அது காலியாகக் கிடக்கிறது, நமக்கும் அப்படி ஆகுமோ என்று கேட்கிறார்கள்.

---

பச்சை_சிக்னல்:

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். பார்க்கிங் கட்டடம் காலியாகக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தில் இல்லை, வாசலுக்கு எதிரே உள்ள தெருவில் இருக்கிறது. கடை முன்னாலேயே இலவசமாக நிறுத்தலாம் என்றால் காசு கொடுத்து மாடி ஏற யாருக்கும் மனம் வராது. சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கிய திட்டத்தோடு அருகிலேயே பலமாடி நிறுத்தமும் சேர்த்தே திட்டமிடப்பட்டது. ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது. ஆகவே டிபிஆரில் 300 மீட்டர் சுற்றுக்குத் தெருக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தெருவில் நிறுத்தினால் கட்டணம் கூட, உள்ளே நிறுத்தினால் குறைவு. உள்ளே முதல் 20 நிமிடம் டூவீலருக்கு இலவசம். நூற்றுக்குப் பதினைந்து இடம் எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணத்தை ஏற்றி இறக்க வேண்டும்; முழுவதும் நிரம்பினால் வருகிறவர் இடம் தேடிச் சுற்றிச் சுற்றியே கடைவீதியை அடைப்பார்.

சீட்டு கொடுக்கும் இடம் நுழைவாயிலில் வேண்டாம். ஒரு காருக்கு 6 மீட்டர் கணக்கில் நாலு கார் வரிசை நிற்க 24 மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். டூவீலருக்குத் தனி வாசல். கார் நுழைவு கடைவீதியில் வேண்டாம், பின் சந்திலிருந்து ஒருவழியாக வரட்டும். கடைவீதி முகப்பில் 58 மீட்டரில் 30 மீட்டரை நகரப் பேருந்து நிறுத்தத்துக்கு ஒதுக்குங்கள். நிலையம் புறவழிக்குப் போனாலும் சந்தைக்கு வருகிற பாதிப் பேர் பேருந்தில்தான் வருவார்கள். அவர்களுக்கு நிழலும் இருக்கையும் இல்லாமல் காருக்கு மாடி கட்டுவது நியாயமில்லை.

மண்டபத்துக்கு வருவோம். மன்றத்தில் எதிர்த்துப் பேசுவதைவிட இரண்டு வரைவு வையுங்கள். முதலாவது 500 பேர் மண்டபத்தோடு, அது கேட்கும் கூடுதல் 60 கார் இடத்தின் செலவை மண்டபத்தின் கணக்கிலேயே எழுதி. இரண்டாவதில், முதல் மாடியில் 150 பேர் அரங்கம், திருமண வாடகை இல்லை, சமையலறை இல்லை. கூட்டம், கண்காட்சி, போட்டித் தேர்வு வகுப்புக்கு மட்டும். பெரிய மண்டபத்தை நகராட்சிக்கு வேறு இடம் இருந்தால் புதிய பேருந்து நிலையத்தின் பக்கம் வைக்கலாம், அங்கே இரவில் நிறுத்தும் இடம் சும்மா கிடக்கும். வாடகை வருமானத்தைக் காட்டுகிறவர்கள் அந்த 60 இடத்தின் கட்டுமானச் செலவு, மின்சாரம், காவலாள் சம்பளம் மூன்றையும் அதே தாளில் பார்க்கும்படி செய்யுங்கள்.

---

சந்தைமேடு:

ஒரே ஒரு சேர்க்கை. இரண்டு வரைவிலும் முகூர்த்த நாள் காலை 5 மணிக்கு மனை எப்படி இருக்கும் என்று தனியாக ஒரு படம் வரையுங்கள். மண்டபத்துக்கு வரும் வேன்களும் சந்தையில் சரக்கு இறக்கும் லாரிகளும் ஒரே 9 மீட்டர் சந்தில் எதிரெதிரே நிற்பது அதில் தெரியும்.

---

காவிரிக்கரை:

இந்த ஞாயிறு முதல் கணக்கெடுப்பு தொடங்குகிறோம். ஆறு துண்டுத் தெரு, பன்னிரண்டு பேர், அரை மணிக்கு ஒரு நடை. நாலு நாள் எண்ணும் வந்ததும் மணிவாரிப் பட்டியலை இங்கேயே போடுகிறேன்.